கடிகார முள்ளைக் கவ்விய பல்லி

போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவேலைக்காரர்கள் சந்தை போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து மேசைகள் இருக்கும். கடை கிடையாது, கம்பெனி கிடையாது. செய்தவர்களே உட்கார்ந்து விற்றார்கள். அச்சங்குளத்திலிருந்து வந்திருந்த ஒருவர், மருந்து அடைக்காத வெடிக்குழாய்களை ஒட்டி ஆந்தைகள் செய்திருந்தார். ஒவ்வோர் ஆந்தைக்கும் ஒவ்வொரு கவலை. ஒன்று பஸ்ஸைத் தவறவிட்டிருந்தது. ஒன்றுக்குப் பல்வலி. ஆந்தைக்கு ஏது பல் என்று கேட்டேன். "அதான் சார் அதோட கவலையே" என்றார்.

பக்கத்து மேசைப் பெண் தீப்பெட்டிக்குள் வீடு கட்டியிருந்தார். பெட்டியை இழுத்தால் உள்ளே அடுப்பங்கரை, அடுப்பில் தோசைக்கல், தோசைக்கல்லில் சுருண்டு தூங்கும் பூனை. கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். பூனைக்கு மீசை இருந்தது. வாங்கிவிட்டேன். இது எதற்கு உதவும் என்று வீட்டில் கேட்டார்கள். எதற்கும் உதவாது. எதற்கும் உதவாத ஒன்றுக்கு மீசை வரைய ஒருவர் அரை மணி நேரம் குனிந்திருக்கிறார் என்றால், அதற்கு மேல் அது என்ன செய்ய வேண்டும்?

பெட்டியை இன்னொரு முறை இழுத்தபோதுதான் அந்த வாசனை வந்தது. மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. இந்தக் காலத்தில் யார் அதைக் காய்ச்சுகிறார்கள்? புளித்த மாவும் செம்புக் காசும் கலந்தாற்போன்ற அந்த நெடி மூக்கில் ஏறியதும், நான் சிவகாசியில், என் முதல் வேலையில், மாடிப்படிக்கு அடியில் போட்ட ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தேன்.

எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் விரல் விட்டு என் வயதை எண்ணிவிடுவீர்கள். படித்து முடித்த புத்தகத்தில்கூட முடித்த தேதியும் கிழமையும் எழுதிவைக்கிறவன் நான் என்பதால், இதை மறைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியும்.

அது காலண்டர் அச்சகம். என் வேலை பிழை திருத்துவது. கதை கட்டுரை இல்லை, தேதித் தாள்கள். நாள் ஒன்றுக்கு ஒரு தாள் கிழிக்கிறீர்களே, அதில் கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனாவால் குறிப்பேன். ஒரு கிழமை மாறினால் எங்கோ ஒரு ஊரில் கல்யாணப் பத்திரிகையே மாறிவிடும். அதனால் என் கண்ணை அச்சகத்தில் எல்லோரும் மதித்தார்கள். என்னை மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. "தேதி" என்பதுதான் அங்கே என் பெயர். உடன் வேலை பார்த்தவருக்குக் குழந்தை பிறந்தது என்று லட்டு நீட்டியபோது "என்ன திதி?" என்று நான் கேட்டதிலிருந்து வந்த பெயர்.

தேதித் தாளுக்கு மேலே ஒட்டும் படத்தில்தான் ஊரே கண் வைத்திருக்கும். சிவகாசியில் ஆடிப் பதினெட்டு என்றால் ஆற்றில் வெள்ளம் பார்க்கிற நாள் இல்லை. அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்துக்குப் பூசை போடுகிற நாள். அந்த ஆண்டு என்னென்ன படம் உண்டோ அத்தனையும் ஒரு தடித்த ஆல்பமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஏஜென்டுகள் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் புரட்டிப் பார்த்து, "இந்த நம்பர் லெச்சுமி", "அந்த நம்பர் முருகன்" என்று ஆர்டர் கொடுப்பார்கள். ஆல்பத்தில் ஏறாத படத்துக்கு அடுத்த ஆடிவரை உயிர் கிடையாது.

முதலாளி படங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: சாமி, குழந்தை, காட்சி. காட்சி என்றால் அருவி, பனிமலை, வாத்து நீந்துகிற குளம். இந்த மூன்றுக்கும் வெளியே உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. கோமதி வந்த பிறகு நாலாவதாக "இதர" என்று ஒரு உறை வைக்க வேண்டியதாயிற்று.

கோமதி ஆமத்தூர்க்காரர். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில், லாரியில் ஏறும் லோடுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். லோடுத் தாளின் பின்பக்கம் எல்லாம் படம். குடை பிடித்த எருமை. ரேஷன் வரிசையில் நின்றபடி கொட்டாவி விடும் கொக்கு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். படம் போட்டுப் பிழைக்கப் போகிறேன், யாரிடமும் சம்பளத்துக்கு இருக்கமாட்டேன் என்று வீட்டில் சொன்னார். அவருடைய அப்பா நாலு ஏக்கர் பருத்திக்காரர். கத்துகிற ஆள் இல்லை. சொன்னது இவ்வளவுதானாம்: "ஒரு வருசம் ஒன் இஷ்டம். அடுத்த ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒன் படம் ஒன்னு ஆல்பத்துல ஏறணும். ஏறலேன்னா ஆவணி ஒன்னாந்தேதி நீ கம்பெனி வேன்ல ஏறணும்."

கம்பெனிக்காரர்களும் அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சம்மதித்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்கள் காலியாக வைத்திருக்கும் இடம் எவ்வளவு பயங்கரமானது என்பது கோமதிக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு வருஷத்தில் அவர் எங்கள் அச்சகத்துக்குப் புதுப் படத்தோடு எத்தனை முறை வந்தார் என்பது என் நோட்டில் இருக்கிறது. பதினொரு முறை. பத்துப் படங்களை முதலாளி பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்தார். சிரித்தார் என்பது முக்கியம். நாங்கள் எல்லோரும் அவரை "மொதலாளி" என்போம். அந்தக் கட்டடத்தில் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட ஒரே ஆள் கோமதி. கூலி வாங்காதவருக்கு வாய்க்கிற சொல் அது. அதுவும் முதலாளிக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பதினோராவது படம் அணில் கல்யாணம்.

அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முழு மண்டபம். மணமேடையில் அணில் மாப்பிள்ளை வியர்த்து வழிய உட்கார்ந்து தாலி கட்டுகிறது. மாப்பிள்ளையின் வாலை ஒரு மாமன் அணில் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஹோமத்தில் பட்டுவிடாமல். ஓணான் நாதஸ்வரம். தவளை ஒத்து. ஒரு காகம் பாயச வாளியோடு பந்தி விசாரிக்கிறது. சுவரோரம் ஓர் ஆடு, மொய்க் கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி, யாரையோ தேடுகிற மாதிரி நிற்கிறது. அதன் தலைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம். பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர்.

முதலாளி படத்தைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஏலே, இந்தக் காக்கா நம்ம சம்பந்தி மாதிரியே பந்தி விசாரிக்குதேடா!" என்றார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏறட்டும். இதரன்னு போட்டு ஏத்துங்க." உடனே படம் கேமரா அறைக்குப் போய், அச்சடிக்கிற நாலு வண்ணத்துக்கும் நாலு பிலிம் எடுத்தாகிவிட்டது. கோமதி ஊருக்குப் போய்விட்டார். ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் முதலாளி படத்தை என் மேசையில் வைத்து, "தேதி, நீயும் ஒரு தடவ பாத்துரு" என்றார். நான் பார்த்தேன். நான் கல்யாணத்தைப் பார்த்திருக்கலாம். அந்த வாலைப் பிடித்த மாமனைப் பார்த்திருக்கலாம். நான் பார்த்தது, கட்டைவிரல் நகத்தளவு இருந்த அந்தக் காலண்டரை. அதில் வெள்ளி, எட்டு என்று இருந்தது. கடிகாரத்தில் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம்.

"மொதலாளி, ஒரு சின்னத் தப்பு இருக்கு" என்றேன்.

இன்றுவரை நான் வருந்துகிற வாக்கியம் அது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அணில் ராகு காலத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தது.

முதலாளியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "நல்லவேளை பாத்த. ராகு காலத்துல தாலி ஏறுற படத்த எவன் வீட்டுல மாட்டுவான்? கடைக்காரன் ஆல்பத்தோட நம்மளையும் தூக்கி எறிஞ்சுருவான். எடுத்துரு அத." அப்புறம் என்னைப் பாராட்டி ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். பாதி டம்ளரில் இருக்கும்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. பிழையைப் பிடித்துவிட்டேன், அந்தப் பிழையோடு ஒரு பெண்ணின் வருஷமும் கையில் வந்துவிட்டது.

அன்று வேலை முடிந்து விருதுநகரில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆமத்தூரில் இறங்கினேன். கோமதியின் வீட்டு வாசலில் பருத்திக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய அப்பா ஒரு சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்பதையும் சொன்னேன். மறைக்கத் தெரியாது எனக்கு.

கோமதி என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, அம்புட்டுப் பேரு கல்யாணத்துக்கு வந்துருக்காக. நீங்க ஒருத்தர்தான் கடிகாரத்தப் பாத்தீகளா?"

"அது ஏன் வெள்ளிக்கிழமைன்னு போட்டீங்க?"

"வரையறப்ப எங்க வீட்டுச் செவுத்துல என்ன இருந்துச்சோ அதப் போட்டேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. மணி பதினொன்னுக்குப் பத்து. அணிலுக்கு என்ன தெரியும்?"

அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப வேன்காரன்ட்ட சொல்லிருவமா?" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"இன்னும் ஆறு நாளு இருக்குல்லப்பா. சாக்கத் தைங்க" என்றார் கோமதி.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அச்சகத்துக்கு வந்துவிட்டார். நான் பரிகாரம் செய்கிற வேகத்தில் ஒரு யோசனை சொன்னேன்: வெள்ளியை அழித்து வியாழன் என்று போட்டால் போதும், வியாழன் அந்த நேரம் குற்றமில்லை. முதலாளி விடவில்லை.

"எட்டாந்தேதின்னு இருக்கே. அடுத்த வருசம் எட்டாந்தேதி எந்த மாசம் வியாழன் வருது? பாரு."

பார்த்தேன். இரண்டே மாதங்களில் வந்தது. ஒன்று மார்கழியில் விழுந்தது, கல்யாணமே கிடையாது. இன்னொன்று புரட்டாசி, அதுவும் தேய்பிறை.

"அப்ப எட்ட ஒம்போதாக்கு."

ஒன்பதைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் திதி ஒத்து வந்தது, நட்சத்திரம் ஒத்து வரவில்லை. நானும் முதலாளியும் பஞ்சாங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அணிலுக்கு முகூர்த்தம் பார்க்க ஆரம்பித்தோம். அரை மணி நேரம். சொந்த மகள் கல்யாணத்துக்கு முதலாளி அவ்வளவு பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கேமரா அறை மாரிச்சாமி கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். "மாப்பிள்ளைக்கு என்ன ராசி மொதலாளி?" என்று அவர் கேட்டதை முதலாளி காதில் வாங்கவில்லை.

கோமதி எழுந்தார். "அண்ணாச்சி, நேரம் இருந்தாத்தான நல்ல நேரம், கெட்ட நேரம்? நேரத்தையே எடுத்துர்றேன்."

"எப்படி எடுப்ப?"

"பிலிம எங்கிட்டக் குடுங்க."

புதிதாகப் படம் பிடிக்க நாள் இல்லை. ஆனால் பிலிமில் கை வைக்கலாம். பிலிமில் மையைத் தடவினால் அந்த இடம் அச்சில் வெள்ளையாகிவிடும். ஊசியால் சுரண்டினால் கறுப்புக் கோடாக விழும். மாரிச்சாமி விளக்குப் பெட்டியின் கண்ணாடி மேல் கறுப்புக்கான பிலிமை விரித்தார். "சுரண்டுனது சுரண்டுனதுதான் தாயி. திருப்பி ஒட்ட முடியாது" என்றார். கோமதி ஊசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். அன்று மத்தியானம் நான் தேதித் தாள் எதையும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமலிருந்த மத்தியானம் அந்த வேலையில் அது ஒன்றுதான்.

முதலில் கடிகாரத்திலிருந்து இரண்டு முள்ளையும் மறைத்தார். எண்கள் மட்டும் நின்றன. பிறகு, கடிகாரத்துக்குக் கீழே வெற்றுச் சுவரில் ஊசி ஓடியது. நாலு கால், ஒரு வால்: ஒரு பல்லி, பெரிய முள்ளை வாயில் கவ்விக்கொண்டு சுவரில் ஓட்டமாக ஓடுகிறது. சின்ன முள் எங்கே என்று தேடினேன். அது காகத்தின் பாயச வாளியில் கரண்டியாக இருந்தது. கடைசியாக, காலண்டரில் இருந்த கிழமையையும் எட்டையும் மையால் மறைத்து, மொய்க் கவரோடு நின்ற ஆட்டின் நாக்கை இரண்டு கோடு நீட்டினார். காலண்டரின் அன்றைய தாள் ஆட்டின் வாய்க்குள் போய்விட்டது. அது யாரைத் தேடி நின்றது என்று எனக்கு அதுவரை புரிந்ததில்லை. அது சாப்பாட்டைத் தேடியிருக்கிறது.

மற்ற மூன்று பிலிம்களிலும் மிச்சமிருந்த சாயலைத் துடைத்து முடித்தபோது மூன்று மணி. ஒரு தாள் அச்சடித்து முதலாளியிடம் கொண்டுபோனோம். அவர் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு வருவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு நெற்றி சுருங்கியது.

"எல்லாஞ் சரி. பல்லி வந்துருக்கே. பல்லிக்குப் பலன் பாக்கணுமே. தேதி?"

பல்லி விழும் பலனும் பல்லி சொல்லும் பலனும் நாங்களே காலண்டர் அட்டையின் பின்பக்கம் அச்சடிப்பவை. எனக்கு அவை மனப்பாடம். தென்மேற்கு மூலையில் பல்லி சத்தமிட்டால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாயைத் திறந்தேன், கோமதி என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் தெரிந்த விஷயத்தை நான் சொல்லாமல் விட்ட முதல் சந்தர்ப்பம்.

கோமதிதான் பேசினார். "அது யாரு மேலயும் விழலையே அண்ணாச்சி, ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

"சத்தம் போட்டா?"

"வாய்ல முள்ளக் கவ்விக்கிட்டு இருக்கு. எங்குட்டுச் சத்தம் போடும்?"

மாரிச்சாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் முதலாளி. மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். "ஏத்துலே ஆல்பத்துல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், நான்தான் தடுத்துக்கொண்டிருந்த மாதிரி. ஒரு வகையில் உண்மைதான்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஏஜென்டுகள் வந்து நிறைந்திருந்தார்கள். சூடம், சர்க்கரைப் பொங்கல், புது ஆல்பத்தின் மை வாசனை. கோமதி வெளுத்த சேலையில் ஓரமாக நின்றார். அப்பாவும் வந்திருந்தார், சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக. ராமநாதபுரம் ஏஜென்டின் கையிலிருந்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, லட்சுமிகளையும் முருகன்களையும் பனிமலைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அணில் கல்யாணம் வந்ததும் நிறுத்தினார். பல்லியைப் பார்த்தார். காகத்தைப் பார்த்தார். வாய் லேசாகக் கோணியது. பிறகு படத்தின் நாலு ஓரத்தையும் விரலால் தடவினார்.

"இது யாரு போட்ட படம்னு எங்கன எழுதிருக்கு?"

"அப்படி எழுதுற வழக்கமில்லீகளே. நம்பர்தான் படத்துக்குப் பேரு" என்றார் முதலாளி.

"எங்க வீட்டுல மாட்டுக்குக்கூடப் பேரு உண்டு மொதலாளி" என்றார் அவர், சண்டைக்கு இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வது போல. என் பக்கம் திரும்பினார். "தம்பி, பேனாவக் குடுங்க."

என் சட்டைப் பையில் இருந்தது ஒரே பேனா. அவர் ஆல்பத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே, சிவப்பில், நிதானமாக எழுதினார்: ஆமத்தூர் கோமதி. ஏஜென்ட் "யோவ், ஆல்பத்தக் கெடுத்துட்டாரே!" என்று பதறினார். கோமதி சூடத் தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி என்னைத்தான் பார்த்தார். "என்னலே தேதி, சரியா தப்பா?"

"சரியா இருக்கு மொதலாளி" என்றேன். பேனாவை வாங்கி, தேதித் தாள்களில் போடுவது போலவே, பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைச் சுருக்கி ஒரு கோடு இழுத்தேன். பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

ஆவணி ஒன்றாம் தேதி கம்பெனி வேன் ஆமத்தூரில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்றாம். அந்தப் படத்துக்கு வந்த ஆர்டர் ஆறே கடை. அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை, ஆனால் அந்த ஆறு கடைக்காரர்களும் அடுத்த ஆண்டு "அந்தப் பல்லிப் பிள்ளை இந்த வருசம் என்ன போட்டுருக்கு?" என்று கேட்டார்கள். கோமதி இன்றும் ஆமத்தூரில் இருந்துகொண்டு வரைகிறார். தன் பெயரில் விற்கிறார். அதற்கப்புறம் யாரிடமும் சம்பளத்துக்கு இருந்ததில்லை.

அந்த அச்சகம் இப்போது இல்லை. மாடிப்படிக்கு அடியில் என் மேசை இருந்த இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். முதலாளியும் கோமதியின் அப்பாவும் இல்லை. அந்த ஆண்டின் தேதித் தாள்கள் ஒரு கட்டு, மாதச் சம்பளக் கவர்கள், ஆமத்தூருக்கு எடுத்த பஸ் டிக்கெட் முதற்கொண்டு என் அலமாரியில் இருக்கின்றன. சிவப்பில் பெயர் எழுதிய அந்த ஒரு பக்கம் மட்டும் இல்லை. ராமநாதபுரம் போன ஆல்பம் சீசன் முடிந்து, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. வழக்கப்படி பழைய ஆல்பங்களை எல்லாம் ஒரே நாளில் வெட்டுமிஷினில் கொடுத்துவிட்டார்கள். அன்று நான் விடுப்பு. எதற்கு விடுப்பு என்பதும் நோட்டில் இருக்கிறது: மதுரையில் யாரோ சேர்த்துவைத்த பழைய தபால்தலைகளைப் பார்க்கப் போயிருந்தேன்.

இதைக் கோமதியிடம் ஒரு முறை சொல்லி வருத்தப்பட்டேன். "விடுங்கண்ணே. எங்கப்பா கையெழுத்து அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?" என்று சிரித்தார்.

இல்லைதான். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டதால் மகள் பெயருக்கு இடம் போதவில்லை. கடைசி எழுத்து மட்டும் படத்துக்குள்ளேயே ஏறி, மணமேடையின் முதல் படியில் உட்கார்ந்திருந்தது.